ஒரே எண்ணில் இரண்டு குரல்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடலூர் லாரன்ஸ் சாலையில் எங்கள் கடைப் படி ஏறாத ரேடியோ திருப்பாதிரிப்புலியூரில் கிடையாது என்று என் தந்தையார் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான். ஆனாலும் மஞ்சக்குப்பத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் துணிப்பையில் செட்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை எனக்கு முகம் பார்த்தே தெரியும். செட்டைப் பார்த்தால் பெயரே வந்துவிடும். அப்படித் தெரிந்தவர்களில் சிலர் இரண்டு வாரமாகக் கடையைத் தாண்டும்போது எதிர்வரிசையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவை நானும் கேட்டேன். யார் பேசியது என்று இங்கே சொல்லப் போவதில்லை. அவருக்கும் அவர் தந்தைக்கும் நாங்கள் செட் விற்றிருக்கிறோம். அவர் சொல்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, எங்களிடம் வாங்கிய ரேடியோவில் ஒரே இடத்தில் இரண்டு நிலையங்கள் மாறி மாறிப் பேசுகின்றன. இரண்டு, பெட்டியில் ஒட்டிய முத்திரை கிழிந்திருந்தது, ஆகவே பழைய செட்டுக்குப் புது உறை மாட்டி விற்கிறோம்.

முதலாவது உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

முத்திரை ஏன் கிழிந்திருக்கிறது? நாங்கள்தான் கிழிக்கிறோம். எங்கள் கடையில் எந்த ரேடியோவும் பெட்டி பிரிக்காமல் வெளியே போனதில்லை. வாங்குகிறவர் கண் முன்னால் பெட்டியைப் பிரித்து, எங்கள் கைப் பேட்டரிகளைப் போட்டு, ஆன்டெனாவை முழுக்க இழுத்து, முதலில் புதுச்சேரி வானொலியின் 102.8, பிறகு காரைக்கால் 100.3 என்று இரண்டையும் ஒரு நிமிடமாவது ஓடவிட்டு, ஒலியைக் கூட்டிக் குறைத்து, எல்லாம் சரி என்றால்தான் பில் எழுதுவோம். என் தந்தையார் காலத்தில் பண்பலை ஏது? மத்திய அலையில் சோதித்தார். வழக்கம் மட்டும் அதேதான். நீங்கள் வராமல் வீட்டுப் பிள்ளையை அனுப்பியிருந்தால் அவன் கண் முன்னால் சோதித்திருப்போம். அவன் அந்த நேரத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். வீட்டில் போய்ப் பெட்டியைக் கொடுத்ததும் முத்திரை கிழிந்திருக்கிறதே என்று நீங்கள் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? இனிமேல் சோதித்த பெட்டியின் மேல் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்துத் தருகிறோம். இத்தனை ஆண்டுகளில் கையெழுத்து கேட்கிற நிலைமை வந்ததில்லை, வந்துவிட்டது. பழைய செட்டுக்குப் புது உறை மாட்ட வேண்டுமென்றால், அந்த உறை வாங்குகிற விலைக்குச் சென்னை ரிச்சி தெருவில் சின்னச் செட்டே கிடைத்துவிடும் என்பதையும் அந்த அன்பர் யோசித்திருக்கலாம்.

சரி, இரண்டு குரல்.

சென்ற மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மகன் கடலுக்குப் போகிறவன். விடியற்காலையில் காற்று எப்படி, அலை எப்படி என்று நம் பக்கத்துச் சமுதாய வானொலியில் சொல்வதைக் கேட்டுத்தான் அவனுக்கு டீ போடுவாராம். செட்டைக் கல்லாமேசையில் வைத்தார். "தம்பி, கடல்காற்று மணிக்கு என்று ஆரம்பிக்கிறான், வேகத்தைச் சொல்கிற இடத்தில் ஒருத்தி வந்து முந்திரிக் கன்றுக்குக் குழி எத்தனை அடி என்கிறாள். நான் குழியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?" என்றார். கடையில் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக, ஒரே குரலாக, கணீரென்று பேசியது. அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். மருத்துவரிடம் போனதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற மாதிரிதான்.

மறுநாள் விடியுமுன் அவர் வீட்டுக்கே போனேன். ஓட்டுவீடு, கிழக்கே கடல். ஜன்னல் திண்டில் செட் இருந்தது. சொன்னது சொன்னபடி நடந்தது. காற்றின் வேகம் பாதி, முந்திரிக் குழி பாதி. செட்டைத் தூக்கி இரண்டடி உள்ளே, பீரோவின் ஓரமாக வைத்தேன், முந்திரி மறைந்தது. ஆன்டெனாவைப் படுக்கவைத்துத் தெற்கு வடக்காகத் திருப்பினேன். இப்போது முந்திரி மட்டும், கடல் போயிற்று. கிழக்கு மேற்காகத் திருப்பினேன், கடல் வந்தது. அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் கையோடு கொண்டுபோயிருந்த வேறு கம்பெனி செட்டிலும், அவர் மகனின் கைபேசியில் இருக்கிற ரேடியோவிலும் இதே கதைதான் என்பதைக் காட்டிவிட்டுத்தான் டீ குடித்தேன்.

நடப்பது இதுதான். இரண்டு சிறிய நிலையங்களுக்கு ஒரே அலைவரிசை எண் கொடுத்திருக்கிறார்கள். எண்ணை எழுதவில்லை, கேட்கிறவர்களுக்குத் தெரியும். அந்த நிலையங்களின் மேலும் குற்றமில்லை. சமுதாய வானொலிக்கு நம் நாட்டில் 100 வாட் சக்திதான் அனுமதி. வீட்டில் ஒரு பழைய குண்டு பல்பு எரிகிற அளவு. கோபுரமும் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அரசு வானொலியும் தனியார் பண்பலைகளும் கிலோவாட் கணக்கில் அனுப்புகிற இடத்தில், இவர்கள் குரல் சமதரையில் பத்துக் கிலோமீட்டர் போனால் பெரிது. அவ்வளவுதான் போகும் என்பதால், கொஞ்சம் தள்ளி இருக்கிற ஊருக்கும் அதே எண்ணைத் தரலாம் என்பது தில்லியில் போட்ட கணக்கு. சமுதாய வானொலிகளுக்குப் பெரும்பாலும் 90.4, 90.8, 91.2 என்று விரல்விட்டு எண்ணும் இடங்களே ஒதுக்கப்பட்டன. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் சமுதாய வானொலியை 90.4-இல் தொடங்கியபோது கல்லூரிகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது; எண்ணுக்குப் பஞ்சமில்லை. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பந்தி பெரிதாகிவிட்டது, இலை கொஞ்சம்தான்.

நம் ஊருக்கே இதில் அனுபவம் உண்டு. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு இங்கே பேரிடர் கால வானொலி ஒன்று 107.8-இல் பேசியது நினைவிருக்கும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணியும் 107.8-தான். முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் இரண்டுக்கும் இடம் இருந்தது. ஒரே எண் என்பதே தவறு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு ஏன் இப்போது மோதுகிறது? இரண்டு காரணம். பழைய மத்திய அலையில் இரண்டு நிலையங்கள் மோதினால் இரண்டும் சேர்ந்து கேட்கும், நடுவில் ஒரு விசிலும் வரும். பண்பலையின் குணம் வேறு. பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் பண்ருட்டி, பண்ருட்டி என்கிறார், இன்னொருவர் சிதம்பரம், சிதம்பரம் என்கிறார். உங்கள் காதருகே நிற்கிறவர் குரல்தான் உங்களுக்கு. தூரத்தில் இருப்பவர் கத்தினாலும் அது காதில் ஏறாது. பண்பலை ரேடியோவும் வலுத்த குரலைப் பிடித்துக்கொண்டு இளைத்த குரலை அடியோடு விழுங்கிவிடும். ஆனால் நடுவில் நின்றால்? ஒரு நொடி இவர், ஒரு நொடி அவர். தேவனாம்பட்டினத்து ஜன்னல் திண்டு அப்படி ஓர் இடம். பீரோ ஓரம் அப்படியில்லை.

இரண்டாவது காரணம் கடல். காற்று அசையாத இரவுகளில், கடலை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே இருப்பது சூடாகவும் நின்றுவிட்டால், வானத்துக்குத் தப்பிப் போக வேண்டிய அலை வளைந்து கடலோரமாகவே ஓடி வரும். யாழ்ப்பாணம் நமக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். சில இரவுகளில் இலங்கைப் பண்பலைகள் எதிர்வீட்டில் பேசுவதுபோலக் கேட்பது முதுநகர்க்காரர்களுக்குப் புதிதா? என் தந்தையார் இலங்கை வானொலிக்காக மொட்டைமாடியில் செப்புக் கம்பி கட்டினார். இன்று கம்பி இல்லாமலே வருகிறது என்று சந்தோஷப்பட்டோமே தவிர, ரேடியோவில் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. வெயில் ஏறி, கடல்காற்று கிளம்பிவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். அம்மாள் கொண்டுவந்தது பகல் பதினொரு மணிக்கு. அதனால்தான் என் கடையில் காய்ச்சல் இல்லை.

அமெரிக்காவில் இருக்கிற என் அக்காள் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. அங்கேயும் 2000-ஆம் ஆண்டு முதல் சிறிய நிலையங்களுக்கு அனுமதி தருகிறார்களாம். 100 வாட், 30 மீட்டர் என்று அளவும் கிட்டத்தட்ட நம்முடையதுதான். ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் வந்து நின்றால், காலை உனக்கு, மாலை எனக்கு என்று நேரம் பிரித்துக்கொள்ள அங்கே வழி வைத்திருக்கிறார்கள். நம் இரண்டு நிலையத்தாரும் அப்படிப் பேசி, விடியற்காலை ஒரு மணி நேரத்தைக் கடலுக்கு விட்டுக்கொடுத்தால் முந்திரி ஒன்றும் வாடிவிடாது என்பது என் எண்ணம். ரேடியோ விற்கிறவன் யோசனை. யார் கேட்கப் போகிறார்கள்.

கடந்த ஆண்டு விற்ற அந்தச் சாம்பல் நிறச் சின்னச் செட்டில் ஒன்பது செட்டுகளுக்கு ஆன்டெனா அடியில் பற்றவைப்பு விட்டிருந்தது. கொண்டுவந்தவர்களுக்குச் சரிசெய்து கொடுத்தாகிவிட்டது. அது வேறு விஷயம்.

உங்கள் செட்டிலும் இரண்டு குரல் வந்தால் முதலில் வீட்டிலேயே இடம் மாற்றிப் பாருங்கள். கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து உள்ளே கொண்டுவாருங்கள். ஆன்டெனாவை முழுக்க இழுக்காதீர்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இழுங்கள், பண்பலைக்கு முக்கால் மீட்டர் கம்பி இருந்தால் நல்லது. நிமிர்த்தியும் படுக்கவைத்தும் மெதுவாகத் திருப்புங்கள். கை எடுத்ததும் குரல் மாறினால் உங்கள் கையே ஆன்டெனாவாகிவிட்டது என்று அர்த்தம். தள்ளி நின்று கேளுங்கள். இதற்கும் மசியவில்லை என்றால் கொண்டுவாருங்கள்.

கொண்டுவந்தால் உடனே திரும்பக் கிடைக்காது, மன்னிக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகள் எங்களோடு இருந்த மெக்கானிக் தம்பி பொங்கலுக்குப் பிறகு சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சம்பளத் தகராறு என்று பேசிக்கொள்கிறார்கள். இல்லை, பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், என்னால் அவ்வளவு தர முடியவில்லை, அவர் சொல்லிவிட்டுத்தான் போனார், நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். இப்போது பற்றவைப்பது நான். இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறேன், ஒன்று கல்லாவுக்கு, ஒன்று ஈயத்துக்கு. ஆகவே ஒரு நாள் வேலை நான்கு நாளாகிறது. உதிரிபாக விலை, வாடகை, கரண்ட் பில் எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததே. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பார்வைக் கட்டணம் 60 ரூபாய், உத்தரவாதம் ஆறு மாதம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப் போன பிறகு, நம் ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. பாதி வளைந்த ஷட்டரைக் கடப்பாரையால் நிமிர்த்திக் கடையைத் திறந்தபோது வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள், பேட்டரிக்கு. அச்சிட்ட விலைக்கு ஒரு பைசா கூட்டவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அன்று வரிசையில் நின்றவர்களில் ஒருவர், சில்லறை இல்லை, பிறகு தருகிறேன் என்று போனவர், பதினொரு நாள் கழித்து ஊரெல்லாம் ஓடு தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து 24 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டுக் கூரை அன்றும் பிரிந்தே கிடந்தது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டுதான் இந்தக் கடை நடக்கிறது. குரல்பதிவு வந்த பிறகும் வழக்கம்போல வந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பேட்டரி வாங்கிப் போகிற சிங்காரத்தோப்பு நண்பர்களுக்கும், தையல் கடை அண்ணன்மாருக்கும், பாடலீசுவரர் சன்னதித் தெரு மாமிகளுக்கும் என் மனமார்ந்த நன்றி. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

குரல்பதிவு போட்ட அன்பர் செட்டோடு ஒரு நாள் வரட்டும். முதல் பஸ்ஸில் அவர் வீட்டுக்கே நான் வருவதானாலும் சரி. அந்தச் செட்டுக்குப் பார்வைக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கடைக்காரர்,
லாரன்ஸ் சாலை, திருப்பாதிரிப்புலியூர்.

பி.கு.: பழுது பார்த்து முடித்த 14 செட்டுகள் எடுக்க ஆளில்லாமல் அலமாரியில் இருக்கின்றன. அதில் ஒன்று தோலுறை போட்ட பழைய இரண்டு பேண்டு, உள்ளே ஒரு மீன் ஏலச் சீட்டும் மடித்து வைத்திருக்கிறது. உரியவர் சீட்டுக்காகவாவது வரவும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.