காந்தம் தொட்டால்தான் கிளம்பும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஓசூரில் உன் தெருவில் கார் திருட்டுப் பயம் என்று எழுதியிருந்தாய். உன்னுடையது பழைய மாருதி 800, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. மாடல். சாவிக்குள் சிப் கிடையாது. ஸ்டியரிங் பூட்டை முறித்து இக்னிஷன் வயரை இணைக்கத் தெரிந்தவன் சுலபமாகக் கிளப்பிவிடுவான். அதைத் தடுக்க வண்டிக்குள் நீயே ஒரு மறைவுப் பூட்டு போடும் வழியைச் சொல்கிறேன்.

கடைக்குப் போனால் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு டாகிள் சுவிட்ச் வைத்து 'சீக்ரெட் சுவிட்ச்' என்பார்கள். அது வேண்டாம். இறங்கும்போதெல்லாம் ஞாபகமாக அணைக்க வேண்டும். பையும் பாலும் கையில் இருக்கிற நாளில் யாருக்கு ஞாபகம் வரும்? அதோடு பெட்ரோல் பம்பின் முழுக் கரன்ட்டும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகப் போகும். காண்டாக்ட் கருகிக் கருகி, ஒருநாள் ஓடும்போதே வண்டி நின்றுவிடும். நீ செய்யப்போவது சாவியை அணைத்ததும் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். திறக்க மட்டும்தான் உன் கை தேவைப்பட வேண்டும்.

எதை வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. செல்ஃபை வெட்டினால் ஓடும்போது ஆபத்தே இல்லை. ஆனால் கியர் வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிடலாம், இரண்டு பேர் போதும். இக்னிஷன் காயிலையும், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மின் வயர்களையும் தொடாதே. மிஞ்சுவது பெட்ரோல் பம்ப். அதை வெட்டினால் தள்ளியும் பயனில்லை. குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் சில நொடி ஓடி, நடுத்தெருவில் அணைந்துவிடும். திருடனுக்கு அதைவிடச் சங்கடம் வேறில்லை. ரிலே என்பது, சின்ன கரன்ட்டில் காந்தமாகும் கம்பிச் சுருளால் (காயில்) பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். பம்ப் ரிலேயின் அந்தக் காயில் வயரை வெட்டினால் வேலை சுலபம் என்று யாராவது சொல்வார்கள். சில கார்களில் ஈ.சி.எம். அதைக் கண்டுபிடித்து செக் எஞ்சின் விளக்கைப் போட்டுவிடும். ரிலேயிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த வயரை வெட்டுவதே மேல்.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு கால் ரிலே 3 (ஒன்று உபரி), சாக்கெட் 2, 1என்4007 டயோடு 2, 3 ஆம்பியர் ஃப்யூஸும் ஹோல்டரும், 2.5 ஸ்கொயர் ஆட்டோ வயர் 1 மீட்டர், 0.75 ஸ்கொயர் 6 மீட்டர், புல்லட் லக்கு ஆண் பெண் 4 ஜோடி, ரிங் லக்கு 3, ஹீட் ஸ்லீவ், துணி டேப். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் வயர் வேண்டாம். அதில் இழை குறைவு, அதிர்ந்து அதிர்ந்து ஒடியும். கறுப்பு பி.வி.சி. டேப்பும் வேண்டாம், மே மாத வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும்.

சுவிட்சுக்குப் பதில் ரீட் சுவிட்ச் வாங்கு. வீட்டு அலாரத்துக்குக் கதவில் வைப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு தகடு, அதுதான். பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் வெளியே ஓட்டையும் இல்லை, பொத்தானும் இல்லை. சாவிக்கொத்தில் ஒரு சின்ன காந்தம் போதும். மல்டிமீட்டரில் பார்த்து வாங்கு. காந்தம் நெருங்கும்போது பீப் அடிக்க வேண்டும். விலகும்போது அடித்தால் அது எதிர் ரகம், திருப்பிக் கொடுத்துவிடு.

ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும். 85, 86 காயில். 30, 87 காண்டாக்ட். முதல் ரிலே டாஷ்போர்டுக்குள், இரண்டாவது பின் சீட்டுப் பக்கம்.

முதல் ரிலேயின் 30க்கு இக்னிஷன் 12 வோல்ட், 3 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக. ஃப்யூஸ் நீ வயர் எடுக்கும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். 87லிருந்து அதே ரிலேயின் 86க்கு ஒரு வயர். 85 எர்த், அதாவது வண்டியின் பாடி. 30க்கும் 86க்கும் நடுவே ரீட் சுவிட்ச். காந்தம் பட்டதும் 86க்கு கரன்ட் போகும், காண்டாக்ட் ஒட்டும். ஒட்டியபின் 87 தன் காயிலுக்குத் தானே கரன்ட் கொடுத்துக்கொள்ளும். காந்தத்தை எடுத்தாலும் விடாது. சாவியை அணைத்தால் விட்டுவிடும். அவ்வளவுதான் பூட்டு.

அதே 87லிருந்து ஒரு 0.75 வயர் பின்னால் போய் இரண்டாம் ரிலேயின் 86க்கு. அதன் 85 எர்த். அதன் 30ம் 87ம் பம்ப் வயரின் நடுவில். பம்ப் நாலைந்து ஆம்பியர் இழுக்கும், அது இந்தக் காண்டாக்ட்டில் மட்டுமே ஓடும். ரீட் சுமப்பது இரண்டு காயிலின் 300 மில்லிஆம்பியர்தான். அதுவும் ரீட் திறக்கும் நேரத்தில் ரிலே காண்டாக்ட் பக்கத்திலேயே கரன்ட் கொடுத்துக்கொண்டிருப்பதால் தீப்பொறியே வராது. அரை ஆம்பியர் ரீட் பல வருஷம் உழைக்கும்.

காயில் அணையும்போது எழும் எதிர் வோல்ட்டை விழுங்க டயோடு ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே, வெள்ளைக் கோடு 86 பக்கம். மாற்றிப் போட்டால் நேர் ஷார்ட். ஃப்யூஸ் போவதற்கு முன் ரீட் தகடு ஒட்டிக்கொள்ளும். டயோடையும் ஃப்யூஸையும் சரிசெய்த பிறகும் பூட்டு எப்போதும் திறந்தே இருக்கும், உனக்குத் தெரியவும் தெரியாது.

இக்னிஷன் வயரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். ரேடியோ வயரில் எடுத்தால், செல்ஃப் அடிக்கும்போது அந்த வயர் செத்துவிடும், ரிலே விட்டுவிடும், வண்டி கிளம்பவே கிளம்பாது. மீட்டரை வைத்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட் வரை திருப்பிப் பார். 10 வோல்ட் பக்கம் இறங்கினால் பரவாயில்லை. பூஜ்யமானால் வேறு வயர் தேடு.

பம்ப் வயரை நிறம் பார்த்து நம்பாதே, முந்தைய ஓனர் என்ன மாற்றினாரோ. டாங்க் கனெக்டரில் நாலு வயர் இருந்தால், சாவி ஆன் செய்ததும் இரண்டு மூன்று நொடி மட்டும் 12 வோல்ட் காட்டி விழுவதுதான் பம்ப் வயர். அடையாளம் தெரிந்ததும் பேட்டரி நெகட்டிவைக் கழற்று. கனெக்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வெட்டு. டாங்க் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் கூடவே கூடாது. சால்டர் இழைக்குள் ஏறி விறைத்து, அது முடியும் இடத்தில் வயர் ஒடியும் என்பது தனிக் கதை. எல்லா ஜாயின்ட்டும் கிரிம்ப்தான், அதாவது லக்கை இடுக்கியால் வயரோடு நசுக்கிப் பிடிப்பது.

வெட்டியதில் கரன்ட் வரும் முனைக்குப் பெண் லக்கு, பம்ப் போகும் முனைக்கு ஆண் லக்கு. ரிலேயின் 30 வயருக்கு ஆண், 87 வயருக்குப் பெண். இப்படிப் போட்டால் கரன்ட் உள்ள முனை எப்போதும் மூடியே இருக்கும், கழன்றாலும் பாடியில் உரசாது. வழியில் ரிலே செத்தால், இரண்டையும் பிடுங்கி கரன்ட் முனையைப் பம்ப் முனையில் நேராகச் சொருகு. வண்டி கம்பெனி வயரிங்குக்குத் திரும்பிவிடும். இருட்டில் செய்ய வேண்டியிருக்கும், பகலிலேயே இரண்டு முறை செய்து பழகு.

பின்னால் போகும் வயரை டோர் படிப் பட்டைக்கு அடியில் விடு. சீட் ரெயிலிலும் பெல்ட் போல்ட்டிலும் நசுங்க விடாதே. நசுங்கி ஷார்ட் ஆனால் 3 ஆம்பியர் ஃப்யூஸ் போகும், இரண்டு ரிலேயும் விடும், ஓடுகிற எஞ்சின் அணையும். எஞ்சின் இல்லாவிட்டால் பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வெற்றிடம் (வாக்குவம்) மிஞ்சும், பிறகு கல் மாதிரி மிதிக்க வேண்டும். எர்த் ஸ்க்ரூவுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி ரிங் லக்கு போடு. ரிலே கால் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தங்காது. கடைசியில் துணி டேப்பைக் கம்பெனி வயரிங் போலவே சுற்று. புது டேப் பளபளத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ரீட்டை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதே. ஸ்பீக்கர் காந்தமே பூட்டைத் திறந்துவிடும். காந்த மொபைல் ஹோல்டரும் அப்படித்தான். இரும்புத் தகடு நடுவில் வந்தால் உன் காந்தம் எட்டாது.

சாவி ஆன் செய்ததும் இரண்டு நொடிக்குள் காந்தத்தைத் தொடு, அப்போதுதான் பம்ப் ஓடும் 'ம்ம்' சத்தம் பின்னால் கேட்கும். தாமதித்தால் செல்ஃப் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும், பயப்படாதே. சிக்னலில் அணைந்துவிட்டால் சாவியை ஆஃப் வரை திருப்பினால் மறுபடி காந்தம் தேவை.

தூக்கிக்கொண்டு போகிறவனை இது தடுக்காது. கியர் லாக்கும் போடு. இன்ஷூரன்ஸ் ப்ரீமியத்தில் தள்ளுபடியும் எதிர்பார்க்காதே, அது வாகனச் சோதனை நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த கருவிக்குத்தான். இரண்டு சாவியையும் பத்திரமாக வை. திருட்டு க்ளெய்முக்கு இரண்டையும் கேட்பார்கள். சர்வீசுக்கு விடும்போது வயரை நேராகச் சொருகிக் கொடுத்துவிடு, காந்த விஷயம் மெக்கானிக்கிடம் கூட வேண்டாம்.

வேலை முடிந்ததும் எஞ்சின் ஓடும்போது வெட்டிய இடத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே வோல்ட் பார். 0.2க்குக் கீழே இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் ஏதோ ஒரு கிரிம்ப் சரியில்லை, மேட்டில் வண்டி இழுக்காமல் போகலாம். ஒவ்வொரு லக்கையும் இழுத்துப் பார்த்துவிட்டு, வந்த அளவை எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா