முதல் பகுதி இழுவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'அபவுட் எல்லி' (2009) படம் பற்றித் தங்கள் இதழில் எழுதியவர், எல்லி காணாமல் போகும்வரை படம் இழுவை, அதன் பிறகுதான் கதையே சூடு பிடிக்கிறது என்கிறார். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. அந்த முதல் பகுதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு சுமாரான மர்மக் கதைதான்.

டெஹ்ரானிலிருந்து காஸ்பியன் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போகும் பழைய கல்லூரி நண்பர்கள். மூன்று தம்பதிகள், அவர்களின் பிள்ளைகள், மணமுறிவுக்குப் பின் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் அஹ்மத். அவனுக்குப் பெண் பார்க்கும் எண்ணத்தில், தன் மகளின் மழலையர் பள்ளி ஆசிரியை எல்லியையும் அந்த மனைவிமாரில் ஒருத்தியான செபிதே கூட்டி வருகிறாள். பெரியவர்கள் எட்டுப் பேர், குழந்தைகள் மூன்று. நினைத்து வந்த வீடு கிடைக்கவில்லை. கிடைப்பது ஜன்னல் கண்ணாடி உடைந்து, தூசி படிந்து கிடக்கும் கடலோர வீடு. எல்லியும் அஹ்மத்தும் புதுமணத் தம்பதி என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் செபிதே ஒரு பொய் சொல்கிறாள். கட்டுரையாளர் இதை வேடிக்கை என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த வீட்டுக்குள் நுழைவதற்கே ஒரு பொய் தேவைப்பட்டது என்பதை மறந்துவிட்டால், பின்னால் இவர்கள் எவ்வளவு சுலபமாக அடுத்தடுத்த பொய்களுக்குப் போகிறார்கள் என்பது புரியாது.

அப்புறம் அந்த நெரிசல். பெருக்கித் துடைக்கிறார்கள், பாடுகிறார்கள், ராத்திரி சைகையில் நடித்துக் காட்டும் விளையாட்டு. எல்லாம் கலகலப்புதான். ஆனால் எல்லிக்கு ஒதுங்க ஒரு மூலைகூட இல்லை. அவளையும் அஹ்மத்தையும் சேர்த்து வைத்துக் கேலி நடந்தபடி இருக்கிறது. ஒரு இரவு தங்கிவிட்டுக் கிளம்பத்தான் வந்தவள் அவள். விடமாட்டேன் என்று செபிதே பையை ஒளித்து வைக்கிறாள். அன்புத் தொல்லை என்போமே, அதன் கொடுமையான முகம் இது.

குழந்தை ஆரஷ் கடலில் இழுத்துச் செல்லப்படும்போது ஆண்கள் பக்கத்திலேயே கைப்பந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை பேர் இருக்கிற இடத்தில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோருமே இருந்துவிடுகிறார்கள். குழந்தையைக் காப்பாற்றிவிடுகிறார்கள், எல்லியைத்தான் காணவில்லை. நேற்று ஆடிப் பாடிய அதே அறையில் இப்போது அவள் எப்படிப்பட்ட பெண் என்று விசாரணை நடக்கிறது. முந்தைய இரவின் சிரிப்பை நாம் பொறுமையாகப் பார்த்திருந்தால்தான் இந்த விசாரணை உறைக்கும். எல்லிக்கு நிச்சயிக்கப்பட்டவன் வந்த பிறகு படம் கொஞ்சம் நீள்கிறது என்பது என் எண்ணம். இழுவை என்று சொல்வதானால் அங்கே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. ஃபர்ஹாதியை உலகம் கவனித்ததே 'எ செப்பரேஷன்' படத்துக்குப் பிறகுதான் என்று கட்டுரையில் வருகிறது. 2009 பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது 'அபவுட் எல்லி'. பெர்லினில் 'எ செப்பரேஷன்' சிறந்த படத்துக்கான தங்கக் கரடி வென்றது அதற்குப் பிறகு, 2011இல். பேமான் மாதி, ஷஹாப் ஹொசைனி, மெரிலா ஸரேயி மூவரும் இரண்டு படங்களிலும் நடித்திருக்கிறார்கள்.

முடிந்தால் அவருடைய 'ஃபயர்வொர்க்ஸ் வெட்னஸ்டே' (2006) பற்றியும் கட்டுரை வெளியிடுங்கள். எல்லியாக நடித்த தரானே அலிதூஸ்தி அதில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண். அதையாவது முதல் காட்சியிலிருந்தே பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.