குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நம் நகர்க் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகள் இந்த ஆண்டும் வழக்கம்போல் நடந்தன. மழைநீர் வடிகால், தெருவிளக்கு, தெருநாய் என்று மனுக்கள் போயின. வடிகால் தூர்வாரினார்கள், விளக்கு எரிகிறது, நாய்கள் அப்படியே இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே, நம் கூட்டங்களில் பாதி நேரத்தை விழுங்கிய தேசியக் கொடிக்கம்பம் பற்றியே இங்கு அதிகம் சொல்லப் போகிறேன்.

சங்கக் கட்டட வாசலில் இருந்த பழைய ஜி.ஐ. பைப் கம்பம் அடியில் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். அதை மாற்றுவதில் யாருக்கும் மறுப்பில்லை. எத்தனை அடிக்கு என்பதில்தான் சண்டை. நூறடியில் வைத்து, மோட்டார் போட்டு, இரவில் விளக்கடித்தால் மேம்பாலத்திலிருந்தே நம் நகர் தெரியும் என்று ஒரு தரப்பு. நன்கொடை தரவும் ஆள் இருந்தது. முடிவெடுக்கும் முன் விவரம் சேகரிக்கத் துணைக்குழு அமைத்தோம். அந்தக் குழு கண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

இப்போது ஊருக்கு ஊர் காணும் ராட்சதக் கம்பங்களின் தொடக்கம் ஒரு வழக்கு. ஒரு காலத்தில் சாதாரணக் குடிமகன் ஆண்டு முழுக்கத் தேசியக் கொடியைப் பறக்கவிட முடியாது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தன் ராய்கர் ஆலையில் கொடியேற்றினார். அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மரியாதையோடு கொடியேற்றுவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று 2004 ஜனவரி 23 அன்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு ஹரியானாவின் கைத்தல் நகரில் 207 அடி, 2014இல் டெல்லி கனாட் பிளேஸில் இன்னொரு 207 அடி, 2016இல் ஐதராபாத் சஞ்சீவய்யா பூங்காவில் 291 அடி, அதே ஆண்டில் ராஞ்சி பஹாடி மந்திர் குன்றில் 293 அடி, 2018இல் பெலகாவி ஏரிக்கரையில் 361 அடி என்று உயரம் ஏறிக்கொண்டே போனது.

அட்டாரி எல்லைக் கதை தனி. அங்கே தினமும் மாலையில் எல்லைப் பாதுகாப்புப் படையும் பாகிஸ்தான் ரேஞ்சர்களும் இரு நாட்டுக் கொடிகளையும் ஒரே நேரத்தில் இறக்குவார்கள். ஒன்று மற்றதைவிட ஒரு நொடி முந்தக்கூடாது, தாழவும் கூடாது. அந்த இடத்தில் 2017 மார்ச்சில் நாம் 360 அடிக் கம்பம் நிறுத்தினோம். ஆகஸ்டில் பாகிஸ்தான் 400 அடி வைத்தது. 2023 அக்டோபரில் நம் பக்கம் 418 அடி வந்தது. நடுவில் நடந்ததுதான் நமக்குப் பாடம்: 2017இல் ஏற்றிய சில வாரங்களிலேயே அந்தப் பெரிய கொடி காற்றில் திரும்பத் திரும்பக் கிழிந்தது. ராஞ்சியிலும் இதே தொல்லை. கிழிந்த கொடியைப் பறக்கவிடுவது கொடிச் சட்டத் தொகுப்புப்படி தவறு. ஒவ்வொரு முறையும் இறக்கி, புதிதாகத் தைத்து, மறுபடி ஏற்றும் செலவை அரசு தாங்கும். நம் மாதச் சந்தா தாங்குமா என்று பொருளாளர் கேட்டபோது மோட்டார்த் தரப்பு கொஞ்சம் அமைதியானது.

அப்புறம் எல்லோருமாக வேன் வைத்துக்கொண்டு புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போனோம். இந்த நாட்டில் வரலாறு உள்ள கொடிமரம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். சுமார் 150 அடி. இன்றிருப்பது இரும்பு, ஆதியில் நின்றது தேக்கு. 1680களின் கடைசியில், யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹூ யேல் ஆளுநராக இருந்தபோது ஆங்கிலேயக் கொடிக்காக நட்டது. உடைந்த கப்பல் ஒன்றின் பாய்மரம் அது என்று வழிவழியாகச் சொல்வார்கள். கடலில் வரும் கப்பல், கோட்டை யார் கையில் இருக்கிறது என்று தூரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த உயரத்துக்கு அன்று அப்படி ஒரு வேலை இருந்தது.

அதே கம்பத்தில்தான் 1932 ஜனவரி 26 விடிவதற்குள் ஆர்யா என்கிற பாஷ்யம் இருட்டில் ஏறி மூவண்ணக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினார். பிற்காலத்தில் ஓவியர், சிற்பி என்று பெயரெடுத்தவர். அப்போது கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. அசோகச் சக்கரம் வந்தது 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றிய தீர்மானத்துக்குப் பிறகு. காவலுள்ள கோட்டைக்குள், வழுக்கும் மரத்தில், கையில் கொடியோடு! நம் பையன்கள் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “உச்சி வரைக்குமா ஏறினார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கோட்டை அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் அங்கே ஏற்றிய கொடி இருக்கிறது. பட்டு, 12 அடிக்கு 8 அடி. கண்ணாடிப் பேழைக்குள் வைத்து 2013 குடியரசு தினத்திலிருந்து மக்கள் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். டெல்லி செங்கோட்டையில் நேரு முதன்முதலாகக் கொடியேற்றியதோ மறுநாள், ஆகஸ்ட் 16. இதைச் சொன்னால் நம் உறுப்பினர்கள் பலர் இன்னும் நம்ப மறுக்கிறார்கள். இன்னொன்று: சுதந்திர தினத்தன்று கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றுவது 1974இல் தொடங்கியது. அதுவரை ஆளுநர்தான் ஏற்றினார். அந்த உரிமையை மாநில முதல்வர்களுக்குக் கேட்டு வாங்கி, இங்கே முதலில் ஏற்றியவர் கலைஞர் கருணாநிதி. கயிறு யார் கையில் என்பதற்கு இவ்வளவு அர்த்தம் உண்டு.

சரி, நம் கம்பத்துக்கு வருகிறேன். நூறடி வேண்டாம், 25 அடி போதும் என்று செயற்குழு பெரும்பான்மையாக முடிவு செய்தது. என் வாக்கும் அதற்குத்தான். தினமும் கையால் ஏற்றி இறக்கக்கூடிய கொடி வேண்டும், சுவிட்சில் ஏறுகிற கொடி வேண்டாம் என்பது என் வாதம். கொடிச் சட்டத் தொகுப்பில் வந்த 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு இரவிலும் பறக்கவிடலாம், உண்மைதான். ஆனாலும் காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் பழைய முறையையே வைத்துக்கொண்டோம். கம்பம் 2024 சுதந்திர தினத்துக்குள் நின்றுவிட்டது. சங்கத்தின் சொந்த இடம் என்பதால் யாரிடமும் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பூங்காவில் வைக்கலாம் என்ற யோசனையைக் கைவிட்டது எவ்வளவு நல்லது என்று, பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது தெரிந்தது. தேசியக் கொடிக்கு அந்த உத்தரவு இல்லை என்றாலும், விளக்கம் சொல்லி மாளாது.

கொடி கதர். 2021 டிசம்பர் திருத்தத்தின்படி பாலியஸ்டரும் செல்லும். மழையில் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் கதர் வேண்டும் என்று மகளிர் அணியினர் பிடிவாதமாக நின்றார்கள். இந்தியத் தர நிர்ணயங்களில் ஐ.எஸ். 1 என்ற முதல் எண்ணே தேசியக் கொடிக்குத்தான். ஹூப்ளியில் பெங்கேரி கதர் நிலையம் அந்தத் தரத்தில் தைக்கிறது. வாங்கியது 1800க்கு 1200 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 6 அடிக்கு 4 அடி. பார்த்தவர்களுக்குத் தெரியும்: கம்பத்துப் பக்க ஓரத்தில் தடித்த உறை தைத்து, அதற்குள் கயிறு ஓடி, மேல் நுனியில் சின்ன மரக்கட்டை இருக்கும். அந்தக் கட்டை காவிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து மாட்டினால் கொடி தலைகீழாக ஏற வழியே இல்லை.

உதிரிப்பூ வைத்து மடிப்பதற்கு மட்டும் பயிற்சி தேவைப்பட்டது. பூ வைக்கச் சட்டத் தொகுப்பே அனுமதிக்கிறது. முடிச்சு இறுகினால் விருந்தினர் இழுத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். வாட்ச்மேன் அண்ணன் போடும் சுருக்கு ஒரே இழுப்பில் அவிழ்கிறது. குடியரசு தினத்தன்று பூ தலைவர் தலையிலேயே கொட்டியதை அவர் மன்னிக்க வேண்டும்.

டிசம்பர் 26 அன்று முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் மறைந்து 7 நாள் துக்கம் அறிவித்தபோது நம் கொடியையும் அரைக்கம்பத்தில் பறக்கவிட்டோம். நேராகப் பாதிவரை ஏற்றி நிறுத்தக்கூடாது. முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குப் போய்வர வேண்டும். ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக என்பதும் விதி. அந்த வாரம் முறை பார்த்த ப்ளஸ் டூ பிள்ளைகள் இதை ஒருமுறைகூடத் தவறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இனி நிலுவை. கப்பி வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கிறீச்சிடுகிறது, மாற்ற வேண்டும். நைலான் கயிறு வெயிலில் நைந்துவிட்டது. முதல் கொடியின் பறக்கும் ஓரம் பிரிந்துவிட்டதால் அதை இறக்கி எடுத்து வைத்திருக்கிறோம். குப்பையில் போடக்கூடாது, தனியிடத்தில் மரியாதையோடு எரிக்கச் செயற்குழு நாள் குறிக்கும். இப்போது பறப்பது இரண்டாவது கொடி. ஜூன் முதல் ஏற்றி இறக்கும் முறைப்பட்டியலில் மூன்றாம் தெருவிலிருந்து இன்னும் ஒரு பெயர்கூட வரவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் நோட்டு இருக்கும். வந்து எழுதிவிட்டுப் போகவும்.

கப்பி, கயிறு, ஒரு மாற்றுக் கொடி ஆகியவற்றுக்கான செலவுத் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்