எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டு நடுவர்களின் நிறப் பாகுபாடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கெட்ட நடுவர்கள் சிலரை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளில் விசில் ஊதியவன் நான். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

வளையத்துக்குக் கீழே இரண்டு பேர் ஒன்றாக எம்புவார்கள். கை பட்டதா, பந்து மட்டும் பட்டதா என்று யோசிக்க நேரமே இருக்காது. அதற்குள் விசில் ஊதியிருப்போம். நமக்குள் இருப்பது நமக்கே தெரியாமல் வெளியே வருவது அந்த அரை நொடியில்தான்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ போட்டிகளில் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வோல்ஃபர்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 13 சீசன் ஆட்டங்களை அலசினார்கள். அங்கே எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை நிறம் பார்த்து முடிவு செய்வதில்லை என்பதால் ஒப்பிடுவது சாத்தியமாயிற்று. தன் நிறத்து நடுவர்களிடம் வாங்குவதைவிட வேற்று நிற நடுவர்களிடம் வீரர்கள் கூடுதலாக ஃபவுல் வாங்கியிருந்தார்கள். வித்தியாசம் 4 விழுக்காடு வரைதான். ஆனால் நெருக்கமான ஆட்டத்தைப் புரட்டிப்போட அது போதும். 2007-இல் செய்தி வெளியானபோது லீக் மறுத்தது. ஆனால் அடுத்து வந்த சீசன்களை மறுபடி எண்ணியபோது வித்தியாசம் மறைந்திருந்தது! விஷயம் வெளியே தெரிந்ததே நடுவர்களைத் திருத்தியிருக்கிறது.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் விஷயத்தில் பார்த்தோம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், முழங்கையை மடக்கி நீட்டிப் பந்தை எறிகிறார் என்று ஆஸ்திரேலிய வெள்ளைக்கார நடுவர் டாரல் ஹேர் 7 முறை நோபால் கொடுத்தார். எங்கள் ஊர் டீக்கடையில் அன்று யாரும் முழங்கையைப் பற்றிப் பேசவில்லை; தோலைப் பற்றித்தான் பேசினார்கள். ஹேர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிறவியிலேயே முழுசாக நீளாத அந்தக் கையை ஆய்வகத்தில் அளந்தது அதற்கப்புறம்தான். பிற்பாடு பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரி வரை நீளலாம் என்று எல்லாருக்கும் விதியே மாறியது. அதற்குள் இரண்டு நாட்டு ரசிகர்களுக்கும் இடையே எவ்வளவு கசப்பு!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மண்டலப் போட்டி முடிந்ததும், தோற்ற அணியில் ஆடிய விடுதி மாணவன் ஒருவன் வந்து, "சார், எங்க பசங்க கை பட்டா மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டான். அதட்டி அனுப்பிவிட்டேன். இரவு ஸ்கோர் ஷீட்டை எடுத்து எண்ணினேன். அவர்கள் மேல் 19 ஃபவுல், எதிரணி மேல் 8. அந்த 19-ம் நியாயமானவைதானா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நெருக்கமாக முடியும் ஆட்டங்களில், கடைசி 2 நிமிடத்தில் நடுவர்கள் கொடுத்த தீர்ப்புகளில் எது சரி, எது தவறு என்று 2015 முதல் என்பிஏ தானே வெளியிடுகிறது. கிரிக்கெட்டிலும் அப்படி ஒவ்வொரு போட்டிக்கும் வெளியிட வேண்டும் என்று உங்கள் விளையாட்டுப் பக்கம் கேட்டு எழுத வேண்டும். மாவட்ட அளவில் விசில் ஊதுபவர்களும் தங்கள் ஸ்கோர் ஷீட்டுகளை ஒருமுறை எடுத்து எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்