கோரிக்கை மனு: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

முதியோர் நலக் கொள்கைகளுக்காக நாம் தயாரித்து வரும் கோரிக்கை மனுவின் வரைவைப் படித்துக் கருத்துகளை அனுப்பிய அனைவருக்கும் நன்றி. அவற்றில் பெரும்பாலானவை ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் பற்றியவை. அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால், நம் வயதினர் வீட்டை விட்டு வெளியே நடமாட முடிகிறதா என்பதும் அதே அளவு முதன்மையான கேள்வி என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். மேடு பள்ளமான நடைபாதை, உட்கார இருக்கை இல்லாத பேருந்து நிறுத்தம், சாலையைக் கடந்து முடிப்பதற்குள் மாறிவிடும் சிக்னல் ஆகிய ஒவ்வொன்றும் ஒருவரை மெல்ல மெல்ல வீட்டுக்குள் முடக்கி, அவரது உடல் வலிமையையும் நட்புகளையும் ஒருசேரக் குறைத்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டி, 33 நகரங்களில் முதியோரிடமே கேட்டறிந்து தொகுக்கப்பட்டது என்பதால், நமது மனுவுக்கு அதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2021 முதல் 2030 வரையிலான காலத்தை ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருப்பதையும், முதியோர் உரிமைகளுக்கான உடன்படிக்கையை வரைவதற்குப் பணிக்குழு ஒன்றை அமைக்க அதன் மனித உரிமைகள் மன்றம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்ததையும் முகப்புரையில் குறிப்பிடலாம்.

ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் கண்ட ஒரு தடையை, இடம், நேரம், ஏற்பட்ட சிரமம் ஆகிய விவரங்களுடன் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள். பிறருடைய அனுபவமாயின் அவரது ஒப்புதலைப் பெற்று, பெயரைத் தவிர்த்து எழுதுங்கள். தட்டச்சு செய்ய இயலாதவர்கள் குரல்பதிவு அனுப்பினால் நான் எழுத்தாக்கித் தருகிறேன். பார்வை குறைந்தவர்களின் கருத்து இம்மனுவில் விடுபடக் கூடாது.