மன்னாருக்கு மரம் நடப் போகிறவர்களுக்கு

கொழும்பு நிறுவனங்களிலும் பாடசாலைகளிலும் மரநடுகை நடத்தும் குழுக்களுக்கு வணக்கம்.

மாரி தொடங்கியதும் பஸ் பிடித்து மன்னார், புத்தளம் பக்கம் போய், "சும்மா கிடக்கும் தரை" என்று கண்ணில் பட்ட இடத்தில் கன்று நட்டுவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு திரும்புகிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், சரி. ஆனால் அந்தத் தரை சும்மா கிடக்கவில்லை.

அங்கே விசிறித்தொண்டை ஓணான் இருக்கிறது. வெள்ளவத்தை மதில்களில் தலையாட்டுகிற ஓணானைப் போல மரமேறி அல்ல. மணலும் ஐதான புல்லும் முள்ளுப்பற்றையும் கலந்த திறந்த வெளியில் தரையோடு வாழ்வது, எறும்பு, கறையான், சின்னப் பூச்சிகளைத் தின்பது, துரத்தினால் பின்னங்கால் இரண்டிலும் எழும்பி ஓடுவது (அந்தக் கால்களில் நாலு விரல்தான்). இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஒரு கல்லிலோ மண்கட்டியிலோ ஏறித் தொண்டைச் சவ்வை விசிறியாக விரிக்கும். தூரத்திலிருந்து பெண்ணுக்கும் போட்டிக்கு நிற்கும் ஆணுக்கும் தெரிந்தால்தானே அதற்குப் பயன்? நடுவில் சவுக்கை வளர்த்துவிட்டால் யாருக்குக் காட்டுவது? உடம்பு சூடேற வெயில் வேண்டும், முட்டையிடத் தோண்டக்கூடிய மண் வேண்டும், உச்சி வெயிலுக்கு ஒதுங்க ஒரு பற்றை போதும். தோப்பு தேவையில்லை.

நெடுங்காலமாக இதைப் புதுச்சேரியின் பெயரால், 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே வைத்த சிற்றானா பொண்டிசெரியானா என்ற இனமாகவே எண்ணியிருந்தார்கள். 2015இல்தான் இலங்கையில் இருப்பவை வேறு இரண்டு இனங்கள் என்று பிரித்தார்கள்: தென்கிழக்கில் சிற்றானா பஹிரி, வடக்கு, வடமேல் கரையோரத்தில் சிற்றானா தேவகாய். இரண்டாவதன் பெயர் நம் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தேவக வீரக்கோனை வைத்து வந்தது. ஈரவலயமான கொழும்பில் அதைத் தேடாதீர்கள், கிடைக்காது.

மரமே நடாதீர்கள் என்று சொல்லவில்லை. மன்னாரில் வெயிலில் காயும் பாடசாலை வளவுகளும் பஸ் தரிப்பிடங்களும் நிறைய உண்டு, அங்கே வேம்பு வையுங்கள், ஊர்ச்சனம் தண்ணீர் ஊற்றும். மணல்வெளிக்குப் போகத்தான் வேண்டும் என்றால் மண்வெட்டியை விட்டுவிட்டு, அந்த ஊர் ஆள் ஒருவரோடு காலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். அப்புறம் தீர்மானியுங்கள்.