செயலாளரின் ஆண்டறிக்கை: இரைப்பூச்சி விஷயத்தில் இந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்கள் தவறாமல் நடந்தன. செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது வளர்ப்புப் பல்லிகளுக்கான இரைப்பூச்சிகளைச் சேர்ந்து வாங்கும் கூட்டுக் கொள்வனவுதான். ஆகவே அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

லெப்பர்ட் கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லிக்கு எந்தப் பூச்சி நல்லது என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. பிரிட்டன் கடைகளில் டப்பாவில் கிடைக்கும் எதுவும் தனியே போதாது. உணவில் பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். கிரிக்கெட் என்று விற்கும் சுவர்க்கோழியில் கணக்கு தலைகீழ்: கால்சியம் 1 பங்கு என்றால் பாஸ்பரஸ் ஏறக்குறைய 7 பங்கு. மீல்வோர்ம் என்னும் மாவுப்புழுவில் 15 பங்கையும் தாண்டும். மீல்வோர்மை மட்டும் மாதக்கணக்கில் தின்ற குட்டியின் தாடை மென்மையாகும், கால் வளையும், விரல்கள் துடிக்கும். அந்த நிலையில் கால்சியம் தூளை மாற்றிப் பார்க்க நேரமில்லை, மருத்துவரிடம் போக வேண்டும்.

கடையிலிருந்து வரும் பூச்சி பெரும்பாலும் வெறும் வயிறுதான். வாங்கிய அன்றே கொடுப்பது தோலையும் நீரையும் கொடுப்பதற்குச் சமம். ஸ்பிரிங் கிரீன்ஸ், டேண்டிலியன் இலை, கரட், வத்தாளங்கிழங்கு ஆகியவற்றோடு பூச்சியின் வயிற்றை நிரப்பும், கால்சியம் கூடிய கட்லோடு தூளும் 24 முதல் 48 மணி நேரம் வைத்துவிட்டுக் கொடுங்கள். ஸ்பினாச் வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே கட்லோடு தூளை வளர்ப்புப் பெட்டியில் நிரந்தரமாக வைத்தவர்களுக்குப் பூச்சிகள் கொத்தாகச் செத்தன. அவ்வளவு கால்சியத்தைப் பூச்சியால் நெடுநாள் தாங்க முடியாது.

அடுத்தது மேல்பூச்சுத் தூள். பையில் ஒரு சிட்டிகை போட்டு, பூச்சியைக் குலுக்கி, உடனே கொடுக்க வேண்டும். சுவர்க்கோழி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பல்லித் தொட்டியில் சுற்றித் திரிந்தால் தூள் போய்விடும். யூவிபி (புறஊதா) விளக்கு இல்லாத தொட்டிக்கு விட்டமின் டி3 கலந்த தூள் தேவை. விளக்கும் வைத்து ஒவ்வொரு வேளையும் டி3 தூவுவது அளவுக்கு மீறிய வேலை. மல்டிவிட்டமின் வாங்கும்போது ரெட்டினால் வடிவில் விட்டமின் ஏ உள்ளதா என்று பாருங்கள். பூச்சியில் அது இல்லை. குறைந்தால் கண் ஒட்டும், உரியும் தோல் விரலில் தங்கும்.

பட்டியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றாடத்துக்குச் சுவர்க்கோழியும் டூபியா கரப்பானும். வெட்டுக்கிளியும் நல்லதே, விலைதான் கூட. மோரியோ புழுவில் கொழுப்பு சுமார் 18 வீதம், மெழுகுப்புழுவில் 25 வீதம். மெழுகுப்புழு பலகாரம் மாதிரி, பழகிய பல்லி மற்றதைத் தொடாது. கால்சிவோர்ம் என்று வரும் சோல்ஜர் ஈயின் புழுவில் மட்டும் கால்சியம் பாஸ்பரஸை மிஞ்சும். ஆனால் மெல்லாமல் விழுங்கினால் தோல் உடையாமல் அப்படியே வெளியே வரலாம். கிரெஸ்டெட் கெக்கோ என்ற இன்னொரு வகைப் பல்லி வைத்திருப்பவர்கள் இத்தனைக்கும் கவலைப்பட வேண்டாம். அதற்குக் கரைத்துக் கொடுக்கும் பழத்தூள்தான் பிரதானம், பூச்சி இடைக்கிடை போதும்.

அளவு: பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை விடப் பூச்சி தடிக்கக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை. மிஞ்சிய சுவர்க்கோழியைத் தொட்டியில் விட்டால் அது தூங்கும் பல்லியைக் கடிக்கும். எடுத்த பூச்சியை இன்னொரு தொட்டியில் போடவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி தொட்டிக்குத் தொட்டி தாவுவது இப்படித்தான்.

குளிர்காலப் பொதிகள் குறித்து முறைப்பாடுகள் வந்தன. அசையாமல் கிடக்கும் வெட்டுக்கிளியை உடனே குப்பையில் போடாதீர்கள். அறைச் சூட்டில் சில மணி நேரம் வைத்தால் பல எழும்பும். மீல்வோர்மைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், மோரியோவை வைத்தால் சாகும்.

வீட்டு வளர்ப்புக்கு டூபியா எளிது. மழமழப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது, முட்டைத் தட்டுகளைச் செங்குத்தாக அடுக்கி 28 முதல் 32 பாகை வைத்தால் போதும். ஆனால் குட்டி வளர்ந்து முதிர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அவசரப்பட்டு முதல் மாதமே தாய்ப்பூச்சியைத் தீனியாக்கினால் பெட்டி முடிந்தது. சுவர்க்கோழிக்குத் தண்ணீர்த் தட்டு வைத்தால் மூழ்கும், ஈரம் தேங்கினால் அம்மோனியா நாற்றத்தோடு எல்லாம் போகும். கரட்டே போதும். வீட்டுச் சுவர்க்கோழியைத் தாக்கும் டென்சோவைரஸ் ஐரோப்பாவில் 1970களிலிருந்தே உண்டு. அந்தத் தொல்லைக்கு ஆளானவர்கள் வரிச் சுவர்க்கோழிக்கு மாறலாம், அதற்கு எதிர்ப்பு அதிகம்.

தோட்டத்தில் பிடித்ததைக் கொடுக்க வேண்டாம், பூச்சிக்கொல்லி பட்டிருக்கலாம். மின்மினியில் உள்ள லூசிபுஃபாஜின் என்னும் நஞ்சு, ஒரே ஒரு மின்மினியைத் தின்றாலும் தாடி டிராகன் பல்லியைக் கொல்லும். வேண்டாத டூபியாவை வெளியே விடுவதும் 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு முரண். உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு நாள் வைத்த பின் வீசுங்கள்.

மெழுகுப்புழுவைக் கூட்டுக் கொள்வனவிலிருந்து நீக்கும் தீர்மானத்தைச் செயற்குழு இன்று முன்வைக்கிறது. சுவர்க்கோழிப் பெட்டி எடுத்தவர்கள் மூடி வலை உலோகமா நைலோனா என்று பார்த்து அறிவிக்கவும். நைலோன் என்றால் அவை கடித்து வெளியே வந்துவிடும். மாற்று வலை சங்கத்திடம் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்